அக்காவுக்குக் கேட்காத கடல்

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே பின்னேரம் ஐந்து மணி. கனடாவில், அக்கா இருக்கிற ஸ்காபரோவில் அப்போதுதான் விடியப்போகிறது. அக்கா அழைத்தாள். "படம் அனுப்பாதை, படம் நிறையக் கிடக்கு. போனை முற்றத்தில வைச்சிட்டு நீ உள்ள போ. கொஞ்ச நேரம் வீட்டுச் சத்தம் கேக்கவேணும்" என்றாள்.

சரி என்று வாழையடியில் ஒரு கதிரையைப் போட்டு, அதில் போனை வைத்து, வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடம் பதிவு செய்து அனுப்பினேன். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்கு 300 மீட்டர் தூரம்கூட இல்லை. தை மாதம் என்றால் வாடைக் காற்று. கடல் நாள் முழுவதும் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலின் மேல்தான் தென்னோலை, காகம், அம்மா தேங்காய் திருவுகிற சத்தம் எல்லாம். என் காதுக்கு எல்லாமே வடிவாகக் கேட்டன.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "கடல் எங்க? ஒரு காகம் மட்டும் கத்துது. அதுவும் தண்ணிக்குள்ள நிண்டு கத்துற மாதிரி."

போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரி. கடல் இல்லை. முதல் இரண்டு விநாடி மெல்லிதாக ஒரு இரைச்சல், பிறகு யாரோ கதவைச் சாத்தியதுபோல அது அடங்கிவிடுகிறது. அம்மாவின் திருவலைச் சத்தம் அரைகுறையாக வெட்டுப்பட்டு வருகிறது. காகம் மட்டும் முன்னுக்கு நின்று கத்துகிறது.

அக்கா கேட்டது சின்னக் காரியம் இல்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல மாதங்கள் அவளால் இந்த வீட்டில் படுக்க முடியவில்லை. அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். டவுனில் மாமி வீட்டில், கடல் கேட்காத பின் அறையில்தான் அவளுக்கு நித்திரை வரும். கனடா போனபோது, "அங்க கடல் இல்லை, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அப்படிப்பட்டவள் தானாகவே "கடல் எங்க?" என்று கேட்கிறாள். அதற்கு என்னிடம் கொடுக்க ஒரு கடல் இல்லை. மைக் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

முதலில் போனுக்கு என்ன நடந்தது என்று பார்த்தேன். போன் கதைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு மென்பொருள் உட்கார்ந்து, எது பேச்சு எது இரைச்சல் என்று ஓயாமல் பிரித்துக்கொண்டிருக்கும். விட்டுவிட்டு வருவது பேச்சு, ஒரே சீராக வருவது இரைச்சல் என்பது அதன் கணக்கு. மின்விசிறியும் பஸ் என்ஜினும் இரைச்சல். அந்தக் கணக்கில் மழையும் இரைச்சல், கடலும் இரைச்சல். போதாததற்கு, குரல் பதிவை வாட்ஸ்அப் சுருக்கியும் விடுகிறது. அதுவும் பேச்சுக்குப் போதுமான அளவுக்குத்தான்.

ஆகவே காசு செலவழிக்க முன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வடிகட்டல் இல்லாமல் மைக்கின் ஒலியை அப்படியே கேட்டு வாங்குவதற்கு ஆண்ட்ராய்ட் 7 இலிருந்தே செயலிகளுக்கு ஒரு வழி விடப்பட்டிருக்கிறது. எல்லாப் போன்களும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. என் போன் கொடுத்தது. அப்படியான ஒரு ஒலிப்பதிவுச் செயலியைப் போட்டு, ஒலியைச் சுருக்காத டபிள்யூஏவி கோப்பாக, சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை நிறுத்திப் பதிவு செய்தேன். கடல் வந்தது! ஒற்றைக் காதுக் கடல்தான், உஸ் என்ற ஒரு திரைக்குப் பின்னால் நின்ற கடல்தான். ஆனாலும் வந்தது. இந்த இடத்திலேயே திருப்திப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் வேறெதுவும் வாங்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

எனக்குப் போதவில்லை. போதாத அவசரத்தில் பிழையான சாமானை வாங்கினேன். கமராவுக்கு மேல் பூட்டுகிற நீளமான குழாய் மைக் ஒன்று, பாவித்தது, இணையத்தில் விலைக்கு வந்தது. படத்தில் பார்த்தபோது தூரச் சத்தத்தை இழுத்து எடுக்கும் தொலைநோக்கி போலத் தெரிந்தது. விற்றவரும் அப்படித்தான் சொன்னார். கொண்டுவந்து கடலை நோக்கி நீட்டினால், கடல் கிட்ட வரவில்லை. பக்கங்களில் இருந்தவை மட்டும் கொஞ்சம் குறைந்தன, அதுவும் ஒரு விதமாக நிறம் மாறி. எல்லாம் நடுவில் ஒரு புள்ளியில் வந்து நின்றன. எங்கள் முற்றத்தில் சத்தம் அப்படி இருப்பதில்லை. இடது பக்கம் கிணறு, வலது பக்கம் கேற், பின்னால் குசினி, சுற்றிவர மரம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் சவுண்ட் சேர்விஸ் வைத்திருந்தவர்; திருவிழாவுக்கு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்திலிருந்து இந்தத் தொழில். பின்னேரங்களில் எங்கள் வீட்டுப் பேப்பரை வாங்கிக்கொண்டுபோய் வாசித்துவிட்டுத் திருப்பித் தருவார். குழாய் மைக்கை அவரிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இழுக்கிற சாமான் இல்லை. மறைக்கிற சாமான். பக்கத்தில நிக்கிறவனை மறைக்கும், தூரத்தில நிக்கிறவனைக் கூட்டிக்கொண்டு வராது" என்றார். பிறகு, "மைக்குக்குக் காசு குடுக்க முதல் காலுக்கு வேலை குடு. கிட்டப் போ" என்றார்.

இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. திறந்த வெளியில் ஒரு சிறிய ஒலிமூலத்துக்கான தூரத்தைப் பாதியாக்கினால் ஒலி 6 டெசிபெல் கூடும். நாலு மீட்டரில் இருந்து இரண்டுக்கு, இரண்டில் இருந்து ஒன்றுக்கு என்று கிட்டப் போனால் 12 டெசிபெல். எவ்வளவு விலை கொடுத்தாலும், ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் இடையில் இந்த வித்தியாசத்தை வாங்குவது கஷ்டம். அம்மாவின் திருவலையை நான் வாசலில் நின்று எடுத்த பதிவையும், குசினித் தரையில் அவருக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டும் ஒரே கருவியில் எடுத்தது என்று நம்பமாட்டீர்கள். இரண்டாவதில் பல் சிரட்டையைத் தொடுகிற இடம் தெரிகிறது. அந்தச் சுரண்டல் வந்ததும் கை நின்று, தேங்காய் திரும்பி, மறுபடி தொடங்குகிறது.

மாமா இன்னொரு வேலையும் செய்யச் சொன்னார். எடுக்க ஆசைப்படுகிற சத்தங்களை ஒரு கொப்பியில் எழுதி, அவற்றுக்குள் மிகச் சின்னதையும் மிகப் பெரியதையும் அடிக்கோடிடு என்றார். எழுதினேன். விடியற்காலைப் பாங்கு. ஓட்டோவில் வருகிற பாண்காரனின் மெட்டு. பேத்தோவனின் "ஃபியூர் எலீஸ்" என்று அதற்குப் பெயர் இருப்பது பிறகுதான் எனக்குத் தெரியும், எங்களுக்கு அது பாண் பாட்டு. கிணற்றுக் கப்பி. கொத்துரொட்டிக் கடையில் இரண்டு தகடும் கல்லில் விழுகிற தாளம். கோட்டை வாசலுக்கு உள்ளே மான்கள் புல் பிடுங்கித் தின்கிற சத்தம். கரைவலை இழுப்பு. கன்னியாவில் வாளி வாளியாக அள்ளி ஊற்றுகிற வெந்நீர். தகரக் கூரையில் மழை. இரவில் சுவர்ப் பல்லி. கடல்.

சின்னது பல்லியும் மானும். பெரியது கொத்து. தட்டுக்குக் கிட்ட நின்றால் கொத்துச் சத்தம் காதைக் குத்தும். இந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் நிற்கத் தெரிந்த கருவிதான் எனக்கு வேண்டியது.

சின்னச் சத்தத்தின் பிரச்சினை மைக்கின் சொந்த இரைச்சல். ஒவ்வொரு மைக்கும், அதன் பின்னால் இருக்கும் பெருக்கியும், வெளியில் ஒன்றுமே இல்லாதபோதும் உஸ் என்று தாங்களாகவே ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். பல்லி அந்த உஸ்ஸுக்குக் கீழே போய்விட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. இதை அளந்து டெசிபெல்லில் சொல்வார்கள். எண் குறையக் குறைய நல்லது. பெரிய ஸ்டூடியோ மைக்குகளில் இது 5 டெசிபெல் அளவுக்கு இறங்கும். கையடக்க ரெக்கோடர்களின் உள் மைக்குகளில் அதைவிட நிறையக் கூட, அதைப் பெட்டியில் போடாத நிறுவனங்களும் உண்டு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்ற பதிவுத் தர எண்கள் எல்லாம் இந்த உஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே வாங்க முன் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். இரவு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறை நடுவில் வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கூட்டிவைத்துக் கேளுங்கள். வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த இரவுகளில் இப்படி ஒரு கருவி கையில் இருந்திருக்கவேண்டும் என்று இப்போது மனம் அடித்துக்கொள்கிறது. விசிறி இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, அயலில் தொலைக்காட்சி இல்லை. விறாந்தையில் பாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால், டவுன் பக்கம் ரயில் கூவுவது கேட்கும். இந்த ஊருக்கு அப்படி ஓர் அமைதி திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஆனால் காது மட்டும் அந்த இரவுகளை ஞாபகம் வைத்திருக்கிறது.

அதே வருடம் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 க்குப் போனதும் இந்தக் கதையில் சேர்த்திதான். வெளிநாட்டுச் சாமான் எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இரண்டாவது தரம் பிழை விட என்னிடம் காசில்லை.

தேடியதில் மூன்று கையடக்க ரெக்கோடர்கள் மிஞ்சின. முதலாவது சூம் எச்1என். கலியாண வீடியோ எடுக்கிற நண்பர் ஒருவர் ஒரு கிழமைக்குத் தந்தார். கையளவு, ஒலியை வாங்குகிற இரண்டு மைக் கப்சூல்கள் 90 பாகையில் ஒன்றையொன்று குறுக்கே பார்க்கும், இரண்டு சின்ன ஏஏஏ பற்றரியில் சுமார் 10 மணித்தியாலம் ஓடும். எடுத்தவுடன் பதிவு செய்யலாம், அது அதன் பெரிய குணம். ஆனால் பிளாஸ்டிக் உடம்பு. கையில் பிடித்தால் விரல் அசைவதெல்லாம் உள்ளே போகிறது. அதற்குப் பிறகு வந்த எச்1 எசென்ஷியலில் 32 பிட் ஃபுளோட் என்ற பதிவு முறை இருக்கிறது. சோனி பிசிஎம்-ஏ10 அழகான சாமான், மைக்குகளை மூன்று விதமாகத் திருப்பலாம். ஆனால் பற்றரி உள்ளேயே பூட்டப்பட்டது. நான்கு வருடத்தில் பற்றரி சோர்ந்தால் இங்கே அதைத் திறந்து மாற்றித் தர ஆள் தேடவேண்டும். மூன்றாவது டஸ்காம் டிஆர்-05எக்ஸ். இரண்டு ஏஏ பற்றரி, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அதன் மைக்குகள் எல்லாத் திசையும் கேட்பவை.

32 பிட் ஃபுளோட்டைப் பற்றி நிறையப் பேச்சு இருப்பதால் ஒரு சொல். அது இருந்தால் பதிவு அளவைப் பார்த்துத் திருகத் தேவையில்லை. திடீரென்று தவில் முழங்கினாலும், இடி விழுந்தாலும், கோப்பில் அலையின் தலை வெட்டுப்படாது, பிறகு குறைத்துக்கொள்ளலாம். கோயில் திருவிழாவுக்கும் இடிமழைக்கும் உண்மையான உதவி. ஆனால் மைக்கின் கப்சூலே தாங்காத சத்தத்தை அது காப்பாற்றாது. அதைவிட முக்கியம், உஸ்ஸை ஒரு துளியும் குறைக்காது. என் கொப்பியில் சின்னச் சத்தங்கள்தான் அதிகம். ஆகவே அதற்காக நான் காசு கூட்டவில்லை.

தீர்ப்பைச் சொன்னது கடைசியில் கச்சான் காற்றுத்தான். வைகாசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் தென்மேற்கிலிருந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் காய்ந்துபோய் வருகிற காற்று. மத்தியானத்துக்குப் பிறகு முற்றத்து மணலையே தூக்கும். நண்பரின் ரெக்கோடரை நான் வாங்கிப் பார்த்தது அந்தக் காலத்தில். பதிவில் டபடப என்று யாரோ மைக்கில் கையால் அடிக்கிற மாதிரிச் சத்தம். மரத்தில் காற்று வீசும் ஓசை இல்லை அது. காற்று மைக்கின் மேல் மோதிச் சுழலும்போது அதன் மெல்லிய தோலை நேராகவே தள்ளுகிறது. ஒரு திசையைக் கூடுதலாகக் கேட்கிற மைக்குகள், தோலின் இரண்டு பக்கமும் காற்றுக்குத் திறந்திருப்பதால், இதற்கு இன்னும் எளிதில் ஆடும். எல்லாத் திசையும் கேட்பவை கொஞ்சம் உறுதி. விரல் அசைவும் அவற்றுக்குக் குறைவாகவே ஏறும். நான் டஸ்காமை எடுத்ததற்கு இதுதான் காரணம். காற்றில்லாத ஊரில் இருப்பவர் வேறு மாதிரி முடிவெடுப்பார், அதில் பிழை இல்லை.

சில கருவிகளோடு வருகிற கறுப்புப் பஞ்சு மூடி, வீட்டுக்குள் ஆள் விடும் மூச்சு மைக்கில் மோதுவதைத் தடுக்கும். கடற்கரைக்கு உரோமம் வேண்டும். நீளமான செயற்கை உரோமம், உள்ளே கொஞ்சம் வெறும் இடம். அந்த உரோமம் காற்றின் வேகத்தை மெல்ல மெல்ல உடைத்து, தோலுக்குக் கிட்ட அமைதியான காற்றை வைத்திருக்கும். செய்ததை வாங்கலாம். நான் டவுனில் துணிக்கடையில் பொம்மைக்குத் தைக்கிற வெள்ளை உரோமத் துணி அரை மீட்டர் வாங்கினேன்; பக்கத்து வீட்டு மாமி தையல் மெசினில் ஒரு தொப்பி மாதிரித் தைத்துத் தந்தார். அடித்துணி நெருக்கமான பின்னல் என்றால் உயர்ந்த சுரங்கள் மங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரிகிற துணியாகப் பாருங்கள். இரண்டாவது தைத்ததுதான் சரிவந்தது. என் மனதில், இந்தத் தொப்பி ரெக்கோடரைவிட முக்கியம். தொப்பி இல்லாத நல்ல மைக்கை விட, தொப்பி போட்ட சாதாரண மைக் இந்தக் கரையில் எத்தனையோ மடங்கு மேல்.

சில கருவிகளில் தாழ்ந்த ஒலியை வெட்டுகிற ஒரு பொத்தான் இருக்கும், 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே, 120 க்குக் கீழே என்று. காற்றுக்கு அதைப் போடச் சொல்வார்கள். நான் கடலில் அதைப் போடுவதில்லை. பெரிய அலை மணலில் விழுகிறபோது நெஞ்சில் தட்டுகிற அந்தத் 'தொம்' அங்கேதான் இருக்கிறது. தாழ்ந்த ஒலியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொன்று ஞாபகம் வரும். 1984 இல் ஆய்வாளர்கள் இதே திருகோணமலைக் கடலில் நீருக்கடி மைக்கை இறக்கி, இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலத்தின் பாட்டைப் பதிவு செய்தார்கள். மனிதக் காது கேட்கத் தொடங்குகிற எல்லைக்குப் பக்கத்தில் தொடங்குகிற பாட்டு அது. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு மேல் நின்று நாங்கள் பார்க்கிற அந்த நீலத்துக்குள், தேவாரம் கேட்கிற தூரத்தில், அது பாடிக்கொண்டிருந்திருக்கிறது. எதையும் பதிவின்போதே வெட்டாதே, வேண்டுமானால் பிறகு வெட்டு என்று நான் எல்லோருக்கும் சொல்வது இதனால்தான்.

ஆடி மாதம் மூன்று விடியல் கரைவலைக்குப் போனேன். விடியற்காலை கச்சான் அடங்கியிருக்கும், கடல் குளம் மாதிரிக் கிடக்கும். முதல் நாள் ரெக்கோடரைப் பையைவிட்டு வெளியில் எடுக்கவில்லை. வலை இழுப்பை நடத்துகிற மண்டாடியிடம் போய், "அண்ணை, அக்காவுக்கு அனுப்பச் சத்தம் எடுக்கவேணும், பறவாயில்லையா?" என்று கேட்டேன். வெளியில் எடுத்தபிறகு கேட்பது வேறு, முதலில் கேட்பது வேறு. அவர் தலையாட்டிவிட்டு, "இழுத்துப்போட்டு எடும்" என்றார். அன்றைக்குக் கயிறு பிடித்தேன். அடுத்த நாள்தான் பதிவு.

பழைய ஆட்கள் சொல்கிற அம்பா, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவது, இப்போது முழுதாகக் கேட்பது அரிது. அன்றைக்கு ஒரு வயதானவர் இரண்டு அடி பாடினார்; மற்றவர்கள் மூச்சால் பதில் சொன்னார்கள். அந்த மூச்சு பதிவில் இருக்கிறது. ஈரக்கயிறு உள்ளங்கையில் இறுகும் முறுமுறுப்பு, குதிக்கால் மணலில் புதைகிற சத்தம், கடைசியில் வலையின் மடி கரையேறும்போது சிறு மீன்கள் பொலபொலவென்று துடிப்பது. ரெக்கோடரைச் சின்ன முக்காலியில் மணலில் வைத்து, இரண்டு பக்கக் கயிற்றுக்கும் நடுவில் விட்டுவிட்டு நான் விலகிப்போனேன். இடது காதில் ஒரு அணி, வலது காதில் மற்ற அணி. கேட்கிறவர் நடுவில் நிற்கிறார்.

எல்லா இடத்திலும் இப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. இது கடற்படைத் தளம் இருக்கிற ஊர். துறைமுகப் பக்கம் கையில் உரோமம் போர்த்த ஒரு பொருளோடு நின்றால் கேள்வி வரும், கேட்பவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. நான் அங்கே எடுப்பதில்லை. கொத்துக்கடையில் முதலாளியிடம் சொல்லிவிட்டு, சாப்பிடுகிறவர்களின் பேச்சு விழாத மூலையில், கல்லுக்குப் பின்பக்கமாக வைப்பேன். யாராவது தங்கள் கவலையைக் கதைத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுவேன். கோயிலிலும் பள்ளிவாசலிலும் உள்ளே போய் எடுப்பதில்லை. வெளியில், தெருவுக்கு வருகிற மணியும் பாங்கும் எல்லோருக்கும் பொதுவாகக் காற்றில் இருக்கிறது, அது போதும்.

பல்லிக்கும் மானுக்கும் டஸ்காமின் உள் மைக் கொஞ்சம் உஸ் என்றது உண்மை. மான்கள் பரவாயில்லை, பழக்கப்பட்டவை, கிட்டப் போகலாம். பல்லிக்கு அது நடக்காது. இதைச் சொன்னபோது அக்காவே தேடிப் பார்த்து ஒரு சோடி சின்ன மைக் வாங்கி, வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். ஜப்பானியப் பிரீமோ நிறுவனத்தின் இஎம்272 என்ற கப்சூல். சட்டையில் குத்துகிற மைக் அளவுதான், சொந்த இரைச்சல் 14 டெசிபெல். ரெக்கோடரின் மைக் துளையில் செருகினால் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரு பலகைத் துண்டின் இரு முனையில், இரண்டு காதுக்கு உள்ள தூரத்தில், ஏறத்தாழ 18 சென்ரிமீற்றரில் கட்டினேன். ஹெட்போனில் கேட்டபோது முற்றம் முழுவதும் தலையைச் சுற்றி வந்து உட்கார்ந்தது.

மற்றவை சின்ன விசயங்கள்தான், ஆனால் விட்டால் கவலைப்படுவீர்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், இரண்டு தடம் என்றால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட். 32 ஜிபி கார்ட் ஒன்று கிழமைக்குப் போதும். உப்புக்காற்று எந்தச் செருகியையும் தின்னும். கடற்கரையால் வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி இறுகிய பெட்டியில் வையுங்கள். ஹெட்போன் இல்லாமல் பதிவு செய்யாதீர்கள். அக்காவுக்கு இப்போது குரல் பதிவாக அனுப்புவதில்லை. வாட்ஸ்அப்பிலேயே ஆவணமாக இணைத்தால் சுருக்காமல் அப்படியே போகும். இன்னொன்று, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் என் வாயால் திகதி, நேரம், இடம் சொல்லிவிடுவேன். பத்து வருடத்துக்குப் பிறகு கோப்பின் பெயர் எதையும் சொல்லித்தராது.

இந்தத் தை பிறந்து இரண்டாவது கிழமை, விடியற்காலை நாலரைக்கு எழும்பி, பலகையைக் கிணற்றடி மாமரத்தில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். இரண்டு மணித்தியாலப் பதிவு. கடல் நன்றாக இரைந்துகொண்டிருந்தது. பாங்கு, பிறகு தூரத்தில் மணி, செண்பகப் பறவை, கப்பி, அம்மா முற்றம் கூட்டுவது, ஒழுங்கைத் தலைப்பில் பாண் பாட்டு. எதையும் வெட்டாமல் அனுப்பினேன்.

அடுத்த நாள் இரவுவரைக்கும் பதில் இல்லை. எனக்குப் பயம் வந்தது, கடலை இவ்வளவு கிட்டக் கொண்டுபோய்க் கொடுத்தது சரியா என்று. பிறகு அழைத்தாள். முழுவதையும் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு மணி பதினெட்டாம் நிமிசத்தில எங்கட கேற் கொளுக்கி கிளப்புற சத்தம் கேக்குது. ஆர் வந்தது?"

நான் கவனிக்கவே இல்லை. போய்க் கேட்டேன். இருக்கிறது, கப்பிச் சத்தத்துக்குப் பின்னால், இரண்டு தட்டு.

"மாமா" என்றேன். "முதல் நாள் பேப்பரைத் திருப்பிக் குடுக்க வந்தவர்."